தூங்கா நகரில் துயில் என்னும் கொடை

(பங்கின் பொன்விழாவையொட்டிக் குடும்பங்களுக்காக நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டில் ஆலயத்துக்கு வண்ணம் பூசுகிறோம், கொடிமரத்தைப் புதுப்பிக்கிறோம், கெபியைச் செப்பனிடுகிறோம். இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் நம் உடலும் தூய ஆவியானவர் குடிகொள்ளும் ஆலயம் என்று புனித பவுலடிகளார் நமக்குக் கற்பித்திருக்கிறார். அந்த ஆலயத்தில் இரவு விளக்கை எப்போது அணைக்கிறோம் என்பதைப் பற்றி இந்த மாலையில் சற்றுச் சிந்திப்போம். உறக்கமே இன்றைய பொருள். பிரசங்க நேரத்து உறக்கமன்று. அதை வேறொரு நாள் கவனித்துக்கொள்வோம். வீட்டில், பாயில், இரவில் வரவேண்டிய உறக்கத்தையும், அது முறை தவறும்போது மனத்தைப் பிடிக்கும் சோர்வையும் பற்றியே பேச விரும்புகிறோம்.

பங்கு இல்லத்துக்கு வருகிறவர்கள் பலவாறு தம் துன்பத்தைச் சொல்வார்கள். "சாமி, எனக்கு மனச்சோர்வு நோய்" என்று சொல்லி வருபவர் அரிது. "சாமி, ராத்திரி தூக்கமே இல்லை. மூணு மணிக்கு முழிச்சா விடியிற வரைக்கும் கண்ணு மூடல. மந்திரிச்சு விடுங்க" என்றுதான் வருவார்கள். இந்தச் சொற்களை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளலாகாது. வழக்கத்துக்கு மாறாக விடியுமுன்னே விழிப்பு வருவதும், மறுபடி உறங்க இயலாமல் கிடப்பதும் மனச்சோர்வின் தெளிவான அடையாளங்களுள் ஒன்று என மருத்துவர்கள் கூறுகின்றனர்.

தூங்கா நகரம் என்பதன் பொருள்

நம் மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பெயர். மாட்டுத்தாவணியில் நள்ளிரவிலும் பேருந்து வரும், பரோட்டாக் கல் காயும், காய்கறி லாரி இறங்கும். விடியுமுன்னே சுற்றுவட்டாரக் கிராமங்களில் மல்லிகை மொட்டுப் பறிக்கத் தாய்மார்கள் தோட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள். இந்தப் பெருமை பழையது. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியிலேயே பகற்கடைகளும் இரவுக்கடைகளும் வருகின்றன. ஆனால் அதே பாட்டில் முதல் யாமம் கழிந்ததும் கடைகள் அடைபடுகின்றன, பண்டம் விற்றவர்கள் தம் பண்டங்களுக்கு அருகிலேயே கண்ணயர்கிறார்கள், ஊர் அடங்குகிறது. காவலர் விழித்திருக்க, ஊர் உறங்குகிறது. நம் நகரின் நடுவே இருக்கும் பெரிய கோயிலிலும் ஒவ்வோர் இரவும் பள்ளியறைப் பூசை நடந்து நடை சாத்தப்படுகிறது. தூங்கா நகரம் என்றால் சிலர் முறைவைத்து விழித்திருக்க மற்றவர்கள் அச்சமின்றி உறங்கும் நகரம் என்றுதான் பொருள். எல்லாரும் கைப்பேசியை மார்பில் வைத்துக்கொண்டு இரண்டு மணிவரை விழித்திருக்கும் நகரம் என்பதன்று.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

மனச்சோர்வு வந்தால் தூக்கம் கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். தூக்கம் கெட்டால் மனச்சோர்வு வருமா என்பதே கேள்வி. மனச்சோர்வு இல்லாத, ஆனால் தூக்கமின்மை உள்ள மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 21 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். நன்றாக உறங்குபவரைவிடத் தூக்கமின்மை உள்ளவருக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு எனக் கண்டனர்.

எவ்வளவு நேரம் உறங்குகிறோம் என்பது மட்டுமல்ல, எப்போது உறங்குகிறோம் என்பதும் முக்கியம். 2021-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சுமார் 8 இலட்சத்து 40 ஆயிரம் பேரின் மரபணுத் தகவல்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். உறக்கத்தின் நடுநேரம் ஒரு மணி முந்தி அமையும்போது கடும் மனச்சோர்வுக்கான வாய்ப்பு 23 சதவீதம் குறைவாக இருந்தது. அதாவது, இரவு ஒரு மணிக்குப் படுப்பவர் பன்னிரண்டுக்குப் படுத்து, அதே அளவு உறங்கி, ஒரு மணி முந்தி எழுவதைப் போன்றது இது. ஆனால் அந்த ஆய்வில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். மேலும், ஒரு மணி நேரம் முந்திப் படுத்தாலே நோய் தீர்ந்துவிடும் என்று அது சொல்லவில்லை. காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பதை அது காட்டுகிறது, அவ்வளவே.

தூக்கத்தைச் சீர்ப்படுத்தினால் மனம் காக்கப்படுமா? 2022-இல் வெளியான ஒரு சோதனை இதற்கு ஓரளவு விடை தருகிறது. தூக்கமின்மையால் துன்புற்ற, 60 வயதுக்கு மேற்பட்ட 291 பேர் அதில் பங்கேற்றனர். ஒரு பாதிப் பேருக்குத் தூக்கம் பற்றிய பொதுவான அறிவுரை வழங்கப்பட்டது. மறுபாதிப் பேருக்குத் தூக்கம் சார்ந்த எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் முறையான பயிற்சி அளிக்கப்பட்டது. மாத்திரையன்று, பயிற்சிதான். மூன்று ஆண்டுகளில் அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 26 பேருக்கு மனச்சோர்வு வந்தது; பயிற்சி பெற்றவர்களில் சுமார் 12 பேருக்கே வந்தது. வயதானால் தூக்கம் போவது இயல்பு, அதற்கு என்ன செய்வது என்று நம் முதியவர்களைக் கைவிட்டுவிடுகிறோமே, அது சரியன்று என்பதை இது உணர்த்துகிறது.

நம் ஊர்க் குகை சொன்ன பாடம்

உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. மூளையின் அடிப்பாகத்தில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே, சிறு நரம்பணுக் கூட்டமாக அது அமைந்திருக்கிறது. காலை ஒளி கண்ணில் பட்டால் அது தன்னைத் திருத்திக்கொள்ளும்; இருள் சூழ்ந்தால் மெலடோனின் என்னும் சுரப்பு ஊறத் தொடங்கும். இத்தகைய கடிகாரம் உயிரணுக்களுக்குள் எவ்வாறு இயங்குகிறது என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தத் துறையில் நம் மதுரைக்கும் ஒரு பங்குண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1975-இல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் இங்கே உயிர்க்கடிகார ஆராய்ச்சியை வளர்த்தார். பல்கலைக்கழக வளாகத்திலேயே, வெளியுலகத் தொடர்பு அற்ற ஓர் அறையை அமைத்து, கடிகாரமும் கதிரவனும் வானொலியும் இல்லாமல் தன்னார்வலர்களைப் பல நாள் தங்கச் செய்து ஆராய்ந்தார்கள். அப்படித் தனித்து விடப்பட்ட மனிதனின் நாள் 24 மணியில் நிற்பதில்லை. பொதுவாக நீண்டுகொண்டே போகும். வெளியுலகம் நம்மைப் பிடித்து நிறுத்தாவிட்டால் நம் நாள் நழுவிவிடும் என்பது இதனால் விளங்குகிறது.

அவர்கள் செய்த மற்றோர் ஆய்வு இன்னும் வியப்பானது. நாகமலையையும் சமணர் மலையையும் ஒட்டிய பகுதியில் வௌவால்கள் வாழும் குகை உண்டு. ஒளி நுழையாத அக்குகைக்குள் சில வௌவால்களைக் கூண்டில் அடைத்து வைத்தார்கள். பொழுது சாய்ந்தது அவற்றுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் உடன்வாழும் வௌவால்கள் அந்தியில் கூட்டமாகப் புறப்பட்டுச் செல்வதையும் விடியலில் திரும்புவதையும் அவை உணர்ந்தன. அதைக்கொண்டே கூண்டிலிருந்தவை 24 மணிக் கணக்குத் தவறாமல் தம் நேரத்தைக் காத்தன. தம் இனம் இல்லாத வேறொரு குகையில் தனியே வைத்தபோதோ அவற்றின் நேரம் விலகிப் போயிற்று. பேராசிரியர் சந்திரசேகரனும் மாரிமுத்து முதலிய அவருடைய மாணவர்களும் 1981-இல் இதனை உலகுக்கு அறிவித்தார்கள்.

மனிதன் வௌவால் அல்லன். நமக்கு ஒளியே முதன்மையான வழிகாட்டி. ஆயினும் 1988-இல் எலர்ஸ், ஃபிராங்க், குப்ஃபர் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் மனிதரைக் குறித்தும் இதற்கு நெருங்கிய கருத்தை முன்வைத்தார்கள். கணவனோ மனைவியோ இறந்தால், வேலை போனால், பிள்ளைகள் வெளியூர் போனால் நாம் இழப்பது ஆளை மட்டுமன்று. காலைக் காப்பிக்கு எழுப்பும் குரலையும், இரவு உணவுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் இழக்கிறோம். அந்த நேரச்சங்கிலி அறுந்தால் உறக்கம் குலைகிறது. உறக்கம் குலைந்தால் மனச்சோர்வுக்கு ஆளாகக்கூடியவர்கள் அதில் விழுகிறார்கள் என்பது அவர்கள் கருத்து.

அன்பார்ந்த இறைமக்களே, இங்கேதான் பங்குக்கு வேலை இருக்கிறது. அடக்கத் திருப்பலிக்கு நூறு பேர் வருகிறோம். முப்பதாம் நாளுக்கும் வருகிறோம். நாற்பதாம் நாள் அந்தக் கைம்பெண் எத்தனை மணிக்கு எழுந்தார், யாரோடு சாப்பிட்டார் என்று கேட்பவர் யார்? மகன் துபாயில், மகள் அமெரிக்காவில், பெரியவர் மட்டும் தொலைக்காட்சியின் முன்னால் என்று எத்தனை வீடுகள்! அவர்கள் நம் நடுவில் இருந்தும் தனிக்குகையில் இருக்கிறார்கள்.

செய்யக்கூடியவை

நாம் மருத்துவர் அல்லர். ஆனால் மருத்துவர்கள் பொதுவாக ஒப்புக்கொள்ளும் சில பழக்கங்களை நினைவில் கொள்வோம்.

1. படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை நிலையாக வைப்போம். இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் அதே நேரத்துக்கு எழுவது உடற்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போன்றது.

2. காலை வெளிச்சத்தில் சிறிது நேரம் நடப்போம். காலைத் திருப்பலிக்கு நடந்து வருபவர்கள் ஆன்ம நலனோடு இந்த நலனையும் பெறுகிறார்கள். வண்டியில் வருபவர்கள் திரும்பும்போதாவது நடக்கலாம்.

3. மாலைக்குப் பிறகு காப்பி, தேநீர் வேண்டாம். அவற்றிலுள்ள பொருளில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். மது உறக்கத்தைத் தருவதாகத் தோன்றும். ஆனால் பின்னிரவு உறக்கத்தைக் கலைத்துவிடும்.

4. தூக்கம் வராமல் புரண்டுகொண்டே இருக்க வேண்டாம். எழுந்து மங்கிய வெளிச்சத்தில் அமர்ந்து, கண் சொக்கும்போது திரும்பப் படுப்போம். செபமாலை கையில் இருக்கட்டும். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

5. மருந்துக் கடையில் நாமாக மாத்திரை கேட்டு வாங்க வேண்டாம். உரத்த குறட்டையும் பகலில் ஓயாத அசதியும் இருந்தால் மருத்துவரைப் பார்ப்போம். அது வேறு நோயாக இருக்கலாம்.

பிளஸ் டூ பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பதின்ம வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை. அந்த வயதில் உடற்கடிகாரம் இயல்பாகவே சற்றுப் பிந்தி ஓடும். அது சோம்பேறித்தனம் அன்று. படித்ததை மூளை பதித்துக்கொள்வதும் உறக்கத்தில்தான். இரவு இரண்டு மணிவரை விழித்துப் படிக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்படாமல், பதினோரு மணிக்குள் விளக்கை அணைக்கச் சொல்லும் பெற்றோராக இருப்போம்.

மறுபுறம், இரவில் விழித்தே ஆகவேண்டியவர்கள் நம் பங்கில் பலர் இருக்கிறார்கள். செவிலியர், காவலர், ஓட்டுநர், சுமை தூக்கும் தொழிலாளர், கணினி நிறுவன ஊழியர் என அவர்களின் உழைப்பில்தான் நாம் உறங்குகிறோம். இரவுப் பணி செய்பவர்களுக்கு மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. எனவே அவர்களின் பகலுறக்கத்தை வீட்டார் காக்க வேண்டும். சன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். அந்த நேரத்தில் மிக்சியை ஓட்டாதீர்கள். விருந்தினர் வந்தாலும் எழுப்பாதீர்கள். "பகலெல்லாம் தூங்குறான்" என்ற ஏச்சு நம் வீடுகளில் ஒழியட்டும்.

நம் திருவிழாக்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன. திருவிழாவுக்கென அரசு குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை தளர்வு அளிக்கலாம். பொன்விழாத் தேர்பவனி முடிந்ததும் ஒலிபெருக்கியை நிறுத்திவிடும்படி விழாக் குழுவினரை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். பக்கத்துத் தெரு நோயாளி உறங்குவதும் இறைவனுக்கு மகிமையே.

விசுவாசக் குறைவா?

மனச்சோர்வு விசுவாசக் குறைவால் வருவதென்றும், செபித்தால் போதும், மருந்து வேண்டாமென்றும் சிலர் சொல்கிறார்கள். இது தவறு. உலகில் 28 கோடிக்கும் மேற்பட்டோர் மனச்சோர்வால் வாடுவதாக உலக நல நிறுவனம் கணித்துள்ளது. 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இருபது பேரில் ஒருவர் இதனால் துன்புறுகிறார். அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறுவதில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டதை நாம் மறக்கலாகாது. மருத்துவத்தை விட்டுவிட்டு நோயாளியைக் கட்டிப்போடும் எந்த வழக்கத்துக்கும் எந்தச் சமயத்தின் பெயரும் துணைபோகக்கூடாது. மருத்துவரையும் இறைவனே படைத்தார், அவரை மதியுங்கள் என்றே சீராக்கின் ஞானநூல் நமக்குக் கற்பிக்கிறது.

இன்னும் ஒன்றை மனந்திறந்து சொல்ல வேண்டும். 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, மனமறிந்து தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-இல் வெளியான புதிய தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடுமையான மனநோயும் வேதனையும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களின் மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992-ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. அப்படி ஒருவரை இழந்த குடும்பம் நம் நடுவில் இருந்தால், அவர்கள் தலைநிமிர்ந்து இந்த ஆலயத்துக்கு வரவேண்டும். அவர்களைப் பார்த்து முணுமுணுக்கும் நாவுக்கு இங்கே இடமில்லை.

ஆகவே அடையாளங்களைத் தெரிந்துகொள்வோம். இரண்டு வாரங்களுக்கு மேலாக ஒருவர் வாடிய முகத்தோடு, எதிலும் நாட்டமின்றி, உறக்கமும் உணவும் மாறிப்போய், "நான் எதற்கும் உதவாதவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தால், அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்கிக்கொண்டே இருப்பதும் ஓர் அடையாளமாகலாம். அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1992 முதல் மதுரையில் எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மனநலப் பணி ஆற்றி வருகிறது. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கப்பட்ட அரசின் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அதை விளையாட்டாக எண்ண வேண்டாம். நேராகவே கேளுங்கள், கேட்பதனால் அந்த எண்ணம் வந்துவிடாது. அவரைத் தனியே விடாதீர்கள். நம் கிராமத்து வீடுகளில் பூச்சிமருந்து அடுப்படி மூலையில் இருக்கிறது. அதைப் பூட்டி வையுங்கள், அல்லது வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். ஒரு பூட்டு ஓர் உயிரைக் காக்கும்.

எலியாவின் உறக்கம்

இறைவாக்கினர் எலியா ஒருநாள் பாலைவனத்தில் சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஆண்டவரை வேண்டினார். அத்தனை பெரிய விசுவாச வீரருக்கே அந்த நிலை வந்தது. ஆண்டவர் என்ன செய்தார்? அவரைக் கடிந்துகொள்ளவில்லை, விசுவாசத்தைப் பற்றி அறிவுரை கூறவுமில்லை. முதலில் அவரை உறங்கவிட்டார். பின்பு வானதூதர் தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் தந்தார். எலியா உண்டு மீண்டும் உறங்கினார். இரண்டாம் முறையும் தூதர் வந்து எழுப்பினார். அதன்பின்னரே நாற்பது நாள் பயணம். அதன்பின்னரே மலைமேல் இறைவனின் மெல்லிய குரல். உறக்கம், உணவு, தொட்டு எழுப்ப ஒரு கை என்பதே இறைவன் காட்டிய வரிசை.

அந்தக் கையாக நாம் இருக்க முடியும். பொன்விழா நினைவாக ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லையில் தனித்து வாழ்பவர்கள் யார் யார் எனக் கணக்கெடுக்கட்டும். வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் அவர்களை வாரத்தில் குறித்த நாளில், குறித்த நேரத்தில் சென்று சந்திக்கட்டும். நேரம் தவறாமல் போவதே இந்தப் பணியின் உயிர். அயல்நாட்டிலுள்ள பிள்ளைகளே, இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது ஒன்றைச் செய்யுங்கள். உங்களுக்கு ஓய்வான நேரமென்று அம்மாவை நள்ளிரவில் எழுப்பாமல், நாள்தோறும் ஒரே நேரத்தில் அழையுங்கள். அமெரிக்காவில் மாலை என்றால் இங்கே காலை. அம்மா எழுந்து காப்பி போடும் வேளை அது. நீங்கள் அழைப்பீர்கள் என்றே அவர் எழுந்துவிடுவார்.

ஆலய மணி மூவேளை செபத்துக்கு ஒலிக்கும்போதெல்லாம் தனித்திருப்பவர்களுக்கும் அது நேரம் சொல்கிறது. இரவில் குடும்பமாகக் கூடிச் செபித்து, அன்றைய நாளை ஆண்டவரிடம் ஒப்படைத்து, ஒருவர் நெற்றியில் ஒருவர் சிலுவை வரைந்து, விளக்கை அணைப்போம். புயலில் படகு தத்தளித்தபோதும் பின்னணியத்தில் தலைசாய்த்து உறங்கிய இயேசு, நம் பங்கின் ஒவ்வொரு வீட்டுக்கும், சிறப்பாக உறக்கமின்றி வாடும் உள்ளங்களுக்கு, தம் அமைதியைத் தருவாராக. கண் மூடாமல் கிடப்பவர்களின் அருகில் வியாகுல அன்னை விழித்திருப்பாராக.

அனைவருக்கும் எமது பொன்விழா வாழ்த்தும் ஆசீரும்.